காரைக்காலை யார் கேட்டது?

நம் எழுத்தாளர் வட்டத்தில் காரைக்கால் என்றால் மூன்றே விஷயங்கள்தாம்: அம்மையார், சனிப்பெயர்ச்சி, சாராயம். முதலாவதைப் பற்றிக் கட்டுரை எழுதுவார்கள். இரண்டாவதைப் பற்றிப் பகுத்தறிவோடு சிரிப்பார்கள், வீட்டாருடன் திருநள்ளாறு போய் நளதீர்த்தத்தில் முழுகிவிட்டு வந்தபிறகு. மூன்றாவதைப் பற்றி எழுதுவதுமில்லை, சிரிப்பதுமில்லை. நாகூர் தாண்டி வாஞ்சூரில் இறங்கி, காரியம் முடிந்ததும் எதிர்ப்பக்கத்து பஸ்ஸில் ஏறிவிடுவார்கள். ஊருக்குள் போனவர் குறைவு.

இப்படிப்பட்டவர்கள்தாம், பேச்சு எங்கே ஆரம்பித்தாலும், அந்த எல்லை செயற்கையானது என்று முடிக்கிறார்கள். பிரெஞ்சுக்காரன் போட்ட கோடாம். மொழி ஒன்று, ஆறு ஒன்று, சாமி ஒன்று. பிறகு எதற்குத் தனியாக ஒரு பிரதேசம், தனியாக ஒரு சட்டசபை? தமிழ்நாட்டோடு சேர்ந்துவிட வேண்டியதுதானே? சேர மறுக்கிறார்கள் என்றால் காரணம் மலிவான மதுவும் பிரெஞ்சுப் பென்ஷனும்தான். இதுதான் முழு ஆராய்ச்சி. இதைச் சொல்கிறவர்களில் பாதிப் பேர் மாநில சுயாட்சி பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவர்கள். டெல்லி நம்மை விழுங்கப் பார்க்கிறது என்பது அவர்களுக்குச் சரித்திர உண்மை. நாம் ஒருவரை விழுங்கப் பார்ப்பது மட்டும் குடும்ப பாசம்.

பேரளத்துக்குக் கிழக்கே பிறந்தவன் நான். எங்கள் வயலைத் தாண்டிப் போகிற தண்ணீர்தான் அம்பகரத்தூருக்கும் திருநள்ளாற்றுக்கும் போய்ச் சேர்கிறது. சின்ன வயதிலிருந்து அந்த எல்லையைக் கடந்து பழகியவனுக்கு அது செயற்கை என்று யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. செயற்கைதான். எந்த எல்லை வயலில் முளைத்தது? செயற்கை என்று சொன்னவுடன் எல்லை அழிந்துவிடுவதில்லை. அதற்கு இரண்டு பக்கமும் இருநூற்றைம்பது வருஷத்துக்கு மேல் மனிதர்கள் வேறு வேறு கோர்ட்டுக்குப் போயிருக்கிறார்கள், வேறு வேறு பத்திரம் எழுதியிருக்கிறார்கள், வேறு வேறு போலீஸுக்குப் பயந்திருக்கிறார்கள். பயம் ஒரு கலாசாரத்தை உண்டாக்கும். கோட்டை அழித்தாலும் அது இருக்கும்.

கோட்டைப் போட்டவர்களைப் பற்றியும் கொஞ்சம் பார்க்கலாம். தரங்கம்பாடியிலிருந்து நாகப்பட்டினம் வரை நாற்பது கிலோமீட்டர்கூட வராது. அதற்குள் ஒரு குட்டி ஐரோப்பாவே இருந்தது. 1620இல் ரகுநாத நாயக்கர் தரங்கம்பாடியை டென்மார்க்காரருக்குக் கொடுத்தார். 1658இல் நாகப்பட்டினம் போர்ச்சுக்கீசியரிடமிருந்து டச்சுக்காரர் கைக்குப் போய், 1781இல் ஆங்கிலேயர் வசமாயிற்று. நடுவே காரைக்கால், 1739இல் தஞ்சை மராத்திய அரசிடமிருந்து பிரெஞ்சுக்காரருக்கு. தஞ்சை அரசருக்குப் பணமுடை, கடற்கரை இருந்தது, கொடுத்தார். பிறகு ஆங்கிலேயர் பிடிப்பதும், ஐரோப்பாவில் எங்கோ ஓர் உடன்படிக்கையில் கையெழுத்தாகித் திருப்பிக் கொடுப்பதுமாக இந்த ஊர் கைமாறிக்கொண்டிருந்தது. 1845இல் டென்மார்க் அரசர் தரங்கம்பாடியையும் வங்காளத்து ஸ்ரீராம்பூரையும் சேர்த்து ஆங்கிலக் கம்பெனிக்குப் பன்னிரண்டரை லட்ச ரூபாய்க்கு விற்றார். முதல் தமிழ் அச்சுப் புத்தகங்கள் சில வெளிவந்த ஊர் அது. 1715இல் சீகன்பால்குவின் புதிய ஏற்பாடு அங்கேதான் அச்சாகி முடிந்தது. அந்த ஊரை ஆளோடு அடுப்போடு விற்றபோது அங்கிருந்த ஒரு வலைகாரனைக்கூட யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அதே டென்மார்க்கைப் பற்றித்தான் நம் நண்பர்கள் படிக்க வேண்டும் என்கிறேன். ஐரோப்பா ஒன்றாகச் சேர்கிற காரியத்தில் அது சின்ன உறுப்பு நாடு. 1972இல் சேரலாமா என்று ஜனங்களைக் கேட்டார்கள். நூற்றுக்கு 63 பேர் சரி என்றார்கள். 1992 ஜூனில் மாஸ்ட்ரிக்ட் உடன்படிக்கை வந்தது. மறுபடி கேட்டார்கள். 50.7 சதவிகிதம் வேண்டாம் என்றது. கண்டம் முழுவதும் அதிர்ந்தது. சின்ன நாடு, அதிலும் ஒரு நூலிழையில்! ஆனால் டேனியர்களுக்கு நன்றி கெட்டவர்கள் என்று பெயர் வைத்து அனுப்பிவிடவில்லை. பொது நாணயம், பாதுகாப்பு, குடியுரிமை, நீதி-உள்துறை என்று நான்கு விஷயங்களில் விலக்கு எழுதிக்கொடுத்து அடுத்த வருஷம் திரும்பக் கேட்டார்கள். 56.7 சதவிகிதம் சரி. 2000இல் பொது நாணயத்துக்குக் கேட்டபோது மறுபடி வேண்டாம். 2022இல், ரஷ்யா உக்ரைனுக்குள் புகுந்த பிறகு, பாதுகாப்பு விலக்கை நீக்கலாமா என்று கேட்டபோது மூன்றில் இரண்டு பங்கு பேர் நீக்கலாம் என்றார்கள். சேர்வது என்றால் ஒரு தாலி கட்டுகிற சமாசாரம் அல்ல அவர்களுக்கு. குத்தகைச் சீட்டு மாதிரி, ஷரத்து ஷரத்தாகப் பேசுகிறார்கள்.

ஐரோப்பா சொர்க்கம் என்று நான் சொல்ல வரவில்லை. 2005இல் பிரெஞ்சு ஜனங்கள் ஐரோப்பிய அரசியல் சட்டத்தை 54.67 சதவிகிதத்தில் நிராகரித்தார்கள். அதில் பெரும்பகுதி லிஸ்பன் உடன்படிக்கை என்ற வேறு சட்டையில் வந்து, ஜனங்களைக் கேட்காமல் பாராளுமன்றத்தில் 2008இல் நிறைவேறிற்று. கேட்டுவிட்டுப் புறக்கணிப்பது ஒரு துரோகம். கேட்காமலே இருப்பது அதற்கும் முந்தைய கட்டம். நாம் இன்னும் அங்கேதான் நிற்கிறோம்.

இந்த இடத்தில் ஒரு விசித்திரம் இருக்கிறது. நம்மில் யாருக்கும் இது உறைத்ததாகத் தெரியவில்லை. பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர் எந்த தேசத்தில் இருந்தாலும் பிரான்சின் பொதுவாக்கெடுப்பில் ஓட்டுப் போடலாம். புதுச்சேரியிலும் காரைக்காலிலும் அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். ஆகவே 1992இலும் 2005இலும், ஐரோப்பிய ஐக்கியம் இன்னின்ன ரீதியில் வேண்டுமா என்ற கேள்விக்குப் பதில் சொல்லும் உரிமை, அரசலாற்றங்கரையில் மீன் குழம்பு சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிற தமிழர்கள் சிலருக்கு இருந்தது. பிரஸ்ஸல்ஸ் பற்றி அவர்களிடம் கேட்கப்பட்டது. பேரளத்தோடு சேரலாமா என்று அவர்களையோ அவர்கள் பக்கத்து வீட்டுக்காரரையோ எவரும் ஒரு சீட்டு நீட்டிக் கேட்டதில்லை.

1954ஐ நினைவூட்டி என்னை மடக்கலாம் என்று சிலர் நினைப்பார்கள். அந்த வருஷம் அக்டோபர் 18ஆம் தேதி கீழூர் என்ற கிராமத்தில் பிரதிநிதி சபையாரும் நகராட்சி உறுப்பினர்களுமாக 178 பேர் கூடினார்கள். 170 பேர் இந்தியாவோடு சேர ஓட்டுப் போட்டார்கள். எட்டுப் பேர் மறுத்தார்கள். நவம்பர் 1ஆம் தேதி நிர்வாகம் கைமாறியது. நல்ல காரியம்தான், காலனி ஆட்சி போனதற்கு எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் 1948இல் இரண்டு அரசாங்கங்களும் ஒப்புக்கொண்டது ஜனங்களே தீர்மானிப்பார்கள் என்று. சந்திரநாகூரில் அப்படியே 1949இல் கேட்டார்கள். 7,473 பேர் இந்தியா என்றார்கள், 114 பேர் மறுத்தார்கள். அதுவும் பிறகு மேற்கு வங்காளத்தோடு சேர்ந்தது. காரைக்காலில் அந்தக் கேள்வி தெருவுக்கு வரவே இல்லை. ஆளுக்கு ஆள் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: 1962இல் ஒப்பந்தம் அமலுக்கு வந்தபோது, பிரெஞ்சுப் பிரஜையாக இருக்க விரும்புகிறவர் ஆறு மாதத்துக்குள் எழுதிக்கொடுக்கலாம் என்பது. சில ஆயிரம் பேர் எழுதிக்கொடுத்தார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளைத்தான் நாம் பென்ஷன் என்று கேலி செய்கிறோம். அந்தச் சில ஆயிரம் பேரின் பென்ஷன், இரண்டு லட்சம் பேரின் மனோபாவத்துக்கு (2011 கணக்கில் 2,00,222) எப்படிக் காரணமாகும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தவர் யாரும் இல்லை.

1956 மே மாதம் கையெழுத்தான அந்த ஒப்பந்தத்தின் இரண்டாவது ஷரத்தைப் படியுங்கள். இந்தப் பிரதேசங்கள் 1954 நவம்பருக்கு முன்பிருந்த தனி நிர்வாக அந்தஸ்தோடு இருக்கும். அதில் அரசியல் சட்ட ரீதியான மாற்றம் எதுவும் ஜனங்களின் விருப்பத்தை அறிந்த பிறகே செய்யப்படும் என்பது அதன் சாரம். எப்படி அறிவது என்பதை எழுதாமல் விட்டுவிட்டார்கள். வக்கீல்கள் விட்ட அந்த ஓட்டையில்தான் 1979 நுழைந்தது.

மொரார்ஜி தேசாய் பிரதமர். புதுச்சேரியில் ஜனாதிபதி ஆட்சி. சின்னப் பிரதேசங்களைப் பக்கத்து மாநிலங்களோடு இணைத்துவிடலாம் என்று பிரதமர் வாய்விட்டுச் சொன்னார். 1979 ஜனவரியில் புதுச்சேரி கொந்தளித்தது. கட்சி பேதம் இல்லாமல் ஜனங்கள் தெருவுக்கு வந்தார்கள். துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர்கள் போயின. திட்டம் கைவிடப்பட்டது. கேட்கப்படாத கேள்விக்கு ஜனங்கள் சொல்லிய பதில் அது. அதை நம் சிறுபத்திரிகைகள் எப்படி எதிர்கொண்டன? நான் படித்த வரையில், எதிர்கொள்ளவே இல்லை. பிராக் நகரத்து டாங்கிகளைப் பற்றி எத்தனை கவிதைகள் எழுதினோம்! நாலு மணி நேர பஸ் பிரயாணத்தில் இருக்கிற ஊரில் தமிழன் தமிழ்நாட்டோடு சேர மாட்டேன் என்று குண்டடி பட்டதற்கு நம்மிடம் படிமம் இல்லை. ஏன் என்றால், அதை எழுதினால் நம் மேடைத் தமிழ் உணர்வின் அடிமடியில் கை வைக்க வேண்டியிருக்கும்.

இங்கேதான் மதுவைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். அன்றைக்குத் தமிழ்நாட்டில் மதுவிலக்கு இருந்தது, மொரார்ஜி அதில் பிடிவாதக்காரர், ஆகவே குடிகாரர்கள் நடத்திய கலவரம் என்று. மதுக்கடைக்காரர்களுக்கு அதில் அக்கறை இருந்திருக்கும். இல்லை என்று சொன்னால் நான் முட்டாள். ஆனால் 1981இல் தமிழ்நாட்டு மதுவிலக்கு போய்விட்டதே. 2003 முதல் தமிழ்நாடு அரசே டாஸ்மாக் மூலம் சில்லறைக் கடை வைத்து விற்கிறது. காரணம் போன பிறகும் காரியம் போகவில்லை என்றால் அது காரணம் அல்ல. இந்தத் தர்க்கம் பள்ளிக்கூடத்துப் பையனுக்குத் தெரியும். வாஞ்சூரில் இறங்குகிற நம் இலக்கியவாதிக்குத் தெரியவில்லை. அவன் பார்த்த காரைக்கால் கடை வாசலோடு முடிந்துவிடுகிறது. அதனால் காரைக்கால்காரன் நினைப்பும் அதோடு முடிந்துவிடும் என்று எண்ணுகிறான்.

உண்மையான காரணம் எதில் இருக்கிறது என்று பார்க்க வேண்டுமானால் மதகடியில் போய் நிற்க வேண்டும். காரைக்கால் கடைமடை. அரசலாறு, திருமலைராஜன் ஆறு, நூலாறு, வாஞ்சியாறு, நாட்டாறு எல்லாம் நம் வயல்களைக் கடந்துதான் அங்கே போகின்றன. மேட்டூர் திறந்து, கல்லணை தாண்டி, முறை வைத்து, நம் லஸ்கர் பலகையைத் தூக்கினால்தான் அங்கே நாற்றங்கால் நனையும். இயற்கையில் இவ்வளவு எளிய ஊர் வேறில்லை. கழுத்து முழுவதும் நம் கையில். ஆனால் காகிதத்தில் பாருங்கள். காவிரி நடுவர் மன்றம் 1991 இடைக்காலத் தீர்ப்பில் தமிழ்நாட்டுக்கு 205 டி.எம்.சி. கொடுத்து, அதிலிருந்து காரைக்காலுக்கு ஆறு டி.எம்.சி. விட வேண்டும் என்றது. 2007 இறுதித் தீர்ப்பில் புதுச்சேரிக்கு ஏழு. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் நம் 419ஐ 404.25 ஆகக் குறைத்தது. டெல்டாவின் நிலத்தடி நீரைக் கணக்கில் எடுத்தும், பெங்களூரின் குடிநீரை நினைத்தும். அந்த ஏழில் ஒரு சொட்டுக்கூடக் கை வைக்கவில்லை. அதே வருஷம் அமைந்த காவிரி மேலாண்மை ஆணையத்தில் கர்நாடகம், தமிழ்நாடு, கேரளம் இவற்றோடு சமமாகப் புதுச்சேரிக்கும் ஓர் உறுப்பினர்.

இப்போது வேதாரண்யத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அதுவும் கடைமடை. அதற்கு எத்தனை டி.எம்.சி. என்று எந்தத் தீர்ப்பிலாவது எழுதியிருக்கிறதா? ஆணையத்தில் நாற்காலி உண்டா? திருத்துறைப்பூண்டிக்கு? பட்டுக்கோட்டைக்கு? கிடையாது. அவை பெரிய குடும்பத்தில் இருக்கின்றன. சென்னை பேசும், அவை கேட்டுக்கொள்ள வேண்டும். உரக்கடையில் உட்கார்ந்து கேட்டால் காரைக்கால் விவசாயி இதைத்தான் சொல்கிறார், நம்மைப் போல வார்த்தைகளை அலங்கரிக்காமல்: எங்களுக்கென்று ஒரு எண் இருக்கிறது, வந்தாலும் வராவிட்டாலும் அதைச் சொல்லிக் கேட்கலாம், உங்களோடு சேர்ந்தால் அந்த எண் போய்விடும். பென்ஷனைப் பற்றியும் பிராந்தியைப் பற்றியும் அவர் பேசியதில்லை. இந்த விவசாயியின் அறிவுக்கு முன் நம் 'செயற்கை எல்லை' தத்துவம் நிற்குமா?

காரைக்காலுக்கு எல்லையினால் நஷ்டமே இல்லை என்று எழுதினால் அது பொய். 1952இல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது அது எல்லையோடு நின்றது. அந்தப் பக்கத்துப் பண்ணையாளுக்கு அந்த வருஷம் அது இல்லை. 2020இல் தமிழ்நாடு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் என்று சட்டம் செய்தபோதும் அதே கதை. ஒரே வண்டல், ஒரே எண்ணெய்க் கிணறு, சட்டம் மட்டும் பாதியில் நின்றுவிட்டது. அதோடு, சென்னை வேண்டாம் என்றவர்களுக்குக் கிடைத்தது டெல்லி. துணைநிலை ஆளுநருக்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசுக்கும் 2016 முதல் ஐந்து வருஷம் நடந்த கூத்தை எல்லாரும் பார்த்தோம். மாநில அந்தஸ்து கேட்டுப் புதுச்சேரி சட்டசபை எத்தனை முறை தீர்மானம் போட்டிருக்கிறது! புதுச்சேரியாவது காரைக்காலைத் தாங்குகிறதா என்றால், முப்பது தொகுதியில் காரைக்காலுக்கு ஐந்து. தலைநகரம் நூற்று முப்பது கிலோமீட்டர் தள்ளி. எங்களைத் தனிப் பிரதேசமாக்குங்கள் என்று அங்கிருந்தும் குரல் எழுந்ததுண்டு. பிரெஞ்சு ஜன்னல், பிரெஞ்சு ரொட்டி என்று உருகுகிற இன்னொரு கோஷ்டியிடமும் எனக்கு மரியாதை இல்லை. இந்தத் துறைமுகத்திலிருந்துதான் பத்தொன்பதாம் நூற்றாண்டில் டெல்டாக் கூலிகளை ரீயூனியனுக்கும் மார்த்தினிக்குக்கும் கப்பலேற்றினார்கள். அவர்கள் ஜன்னலைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்று எழுதிவைத்துப் போகவில்லை.

ஐரோப்பாவில் யூரோபரோமீட்டர் என்று ஒரு ஏற்பாடு 1970களிலிருந்து நடக்கிறது. உங்கள் நாடு ஐக்கியத்தில் உறுப்பாக இருப்பது நல்லதா, கெட்டதா, நல்லதும் இல்லை கெட்டதும் இல்லையா என்று வீடு வீடாகக் கேட்டு வந்தார்கள். புள்ளிவிவரத்தில் எனக்குப் பெரிய மோகம் இல்லை. ஆனால் அந்த மூன்றாவது பதிலுக்கு ஒரு கட்டம் ஒதுக்கினார்களே, அதற்காக அவர்களை மதிக்கிறேன். நம் மேடைகளில் மூன்றாவது கட்டம் கிடையாது. தமிழன் என்றால் சேர வேண்டும், சேராவிட்டால் துரோகி. நவீனத்துவம் பேசுகிற நாமாவது, மனிதன் இரண்டு சொற்களுக்கு நடுவில் நிற்கலாம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டாமா? கவிதையில் ஒப்புக்கொள்கிறோம். பக்கத்து ஊர்க்காரன் நின்றால் பொறுக்கவில்லை.

எல்லையே கூடாது என்கிறவர்களுக்கு இன்னொன்று. 1908இல் பாரதி எங்கே ஓடினார்? அந்தச் செயற்கையான பிரெஞ்சு எல்லைக்குள். 'இந்தியா' பத்திரிகை அங்கிருந்து வந்தது. பத்து வருஷம். 'பாஞ்சாலி சபத'மும் 'குயில் பாட்'டும் நமக்குக் கிடைத்தது, ஆங்கிலப் போலீஸ் ஒரு கோட்டில் நின்று உள்ளே வர முடியாமல் பார்த்துக்கொண்டிருந்ததால். 1918இல் கோட்டைத் தாண்டினார், பிடித்துக்கொண்டார்கள். அரவிந்தரும் வ.வே.சு. ஐயரும் தங்கியதும் அதே நிழலில். நம் புதுக்கவிதையின் வம்சாவளியை எழுதுகிறபோது வசன கவிதையில் ஆரம்பிக்கிறோம். அதன் பின்னால் ஒரு சுங்கச்சாவடி இருந்தது என்பதையும் எழுதலாம். அப்போது யாரும் மொழி ஒன்று, எதற்கு எல்லை என்று கேட்கவில்லை.

இலக்கியத்திலும் நம் குணம் இதுதான். தஞ்சை எழுத்து என்று கும்பகோணத்தில் ஆரம்பித்து ஜாபிதா போடுகிறவர்கள் அரசலாற்றைக் கடலில் விழுகிற வரைக்கும் தொடர்வதில்லை. ஈழத்துக் கதைகளுக்கு அடிக்குறிப்பு வேண்டும் என்று ஒரு காலத்தில் இங்கே கேட்கப்பட்டது நினைவிருக்கும். கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் அதற்கு வந்த கோபத்தை நாம் இன்னும் புரிந்துகொள்ளவில்லை. நாம் மூலம், மற்றவர்கள் கிளை; நாம் பேசுவது தமிழ், அவர்கள் பேசுவது வட்டார வழக்கு. 1969இல் ராஜமன்னார் குழுவை அமைத்து, 1974இல் சட்டசபையில் சுயாட்சித் தீர்மானம் போட்ட ஒரு சமூகம், தனக்குக் கீழே ஒரு படி இறங்கி அந்தத் தத்துவத்தைப் பிரயோகித்துப் பார்க்க வேண்டிய முதல் இடம் காரைக்கால். அங்கே போனவுடன் நமக்கு டெல்லியின் குரல் வந்துவிடுகிறது, டெல்லியின் வார்த்தைகளோடு: சின்னது, சிக்கனம் இல்லை, நிர்வாகத்துக்கு அசௌகரியம்.

என் நிலை என்ன என்று கேட்பார்கள். அவர்கள் சேரக் கூடாது என்றுதான் நினைக்கிறேன், நாம் இப்போது இருக்கிற நிலையில். கடைமடையில் அந்த ஏழு டி.எம்.சி.யாவது எழுத்தில் இருக்கட்டும். ஆனால் என் அபிப்பிராயத்துக்கு இதில் மதிப்பு ஒன்றும் இல்லை, நான் பேரளத்துக்காரன். மறுப்பு எழுத இருக்கிற நண்பர்கள், தமிழ் ஒன்று என்று ஆரம்பிப்பதற்கு முன்னால், அந்த இரண்டாவது ஷரத்தைப் படித்துவிட்டு, 1979 ஜனவரியைப் பற்றி ஒரு பக்கமாவது எழுதி அனுப்பட்டும். அதையும் இதே இதழில் போடச் சொல்கிறேன், மறுப்புக்கு முன்பாக.